தேர்தல் நேரத்தில் பத்திரிகை அட்டைப்படங்கள் ஒரு பக்கம் சாய்கின்றனவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சாய்கின்றன. ஆனால் நீங்கள் சந்தேகப்படும் இடத்தில் அல்ல. "பிடிக்காத தலைவரின் முகத்தை ஃபோட்டோஷாப்பில் கெடுத்துவிடுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் டிசைனராக இருக்கிறேன். போஸ்டர், ஃப்ளெக்ஸ், அவ்வப்போது உள்ளூர் மாத இதழ்களுக்கு ரேப்பர் (அட்டைப்படம்) என்று பிழைப்பு ஓடுகிறது. நான் பார்த்தவரை முகத்தைக் கெடுப்பவர்கள் குறைவு. கெட்டுப்போன நொடியைப் பொறுக்கி எடுப்பவர்கள்தான் அதிகம்.

ஒரு தலைவர் மேடையேறினால் போட்டோகிராபர் நூற்றுக்கணக்கில் தட்டிவிடுவார். கை கூப்பியது, வாய் கோணியது, கண் பாதி மூடியது, துண்டால் வியர்வை துடைத்தது எல்லாம் அதில் இருக்கும். எதுவும் பொய்ப் படம் இல்லை. எதிர்க்கேள்வி கேட்டால் "அவர் அப்படித்தானே இருந்தார்" என்று சொல்லிவிடலாம். அங்கேதான் விஷயம்.

எங்கள் ஊர்க் கண்ணுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை போஸ்டர் ஒட்டும் ஊர் இது. "அண்ணன் முகத்தைக் கொஞ்சம் பளிச்சுனு ஆக்குங்க தம்பி" என்று சொல்லாமல் எந்தக் கட்சிக்காரரும் கடையை விட்டுப் போனதில்லை. நாங்களும் சயான் என்கிற நீல மையையும் கறுப்பையும் இறக்கி, கன்னத்துச் சுருக்கத்தை வழித்துவிட்டு, அறுபது வயதுக்காரரை நாற்பதாக்கி அனுப்புகிறோம். சுவரில் அந்த முகத்தையே பார்த்துப் பழகியவருக்கு, பத்திரிகையில் நிஜ முகம் வந்தால் வேண்டுமென்றே அசிங்கப்படுத்தியதாகத் தோன்றும்.

2008 அமெரிக்கத் தேர்தலில் இதே சண்டை நடந்தது. துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் முகத்தை மிக நெருக்கத்தில் நியூஸ்வீக் பத்திரிகை அட்டையில் போட்டது. தோலின் துளைகளும் சுருக்கங்களும் அப்படியே தெரிந்தன. ரீடச் செய்யாததுதான் (முகத்தைத் திருத்திப் பளிச்சாக்காததுதான்) ஓரவஞ்சனை என்று எதிர்ப்பு கிளம்பியது. என்னைக் கேட்டால், அந்த ஒரு அட்டையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதிர் அணிக்காரரையும் அதே நெருக்கத்தில், அதே வெளிச்சத்தில் காட்டியிருந்தால் அது பத்திரிகையின் பாணி. எதிர் அணிக்காரருக்கு மட்டும் மென்மையான வெளிச்சமும் தள்ளி எடுத்த படமும் என்றால் சாய்வு.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதன் பலத்துக்கு 1994-இல் நடந்ததைச் சொல்லலாம். தேர்தல் இல்லை, கொலை வழக்கு. அதில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டுமே அட்டையில் போட்டன. டைம் படத்தில் முகம் கறுத்திருந்தது. கடையில் இரண்டும் சேர்ந்து தொங்கியதால் அகப்பட்டுக்கொண்டது. ஆனால் முகம் கறுத்தால் எல்லாமே சதி என்று கிளம்பிவிடாதீர்கள். மட்டமான காகிதத்தில் மை பரவி முகம் ஒரு படி இருண்டுதான் அச்சாகும். அதே இதழில் மற்ற முகங்களும் இருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அட்டையில் ஏறும் சொல்லும் படத்துக்குச் சமமாக வேலை செய்யும். 2019 மே மாதம், இந்தியாவில் வாக்குப்பதிவு முடியாத நிலையில், மோடியைப் 'பிளவுபடுத்தும் தலைவர்' என்ற பொருளில் டைம் அட்டைத் தலைப்பு வைத்தது. அதே இதழில் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு அவர்தான் நம்பிக்கை என்ற கட்டுரையும் இருந்தது. அதைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? நம் ஊரிலேயே 1987-இல், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த ஒரு அட்டை ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. உள்பக்கத்தில் வந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கணிப்பு. கடைக் கயிற்றில் தொங்கும் அட்டையைக் காசு கொடுத்து வாங்காதவரும் படித்துவிட்டுப் போகிறார்.

அப்புறம், சட்டைப் பாக்கெட்டைக் கவனியுங்கள். வழக்கமாக இடது மார்பில் இருப்பது வலது பக்கம் போயிருந்தால் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 'கூட்டணியில் விரிசல்' வகை அட்டைகளில் இது சர்வசாதாரணம். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றைத் திருப்பினால் இருவரும் முகம் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். சண்டை நடந்ததோ இல்லையோ, அட்டையில் நடந்துவிடும். பெரிய தலை, சின்னத் தலை விகிதமும் அப்படித்தான். யாரை முன்னால் வைத்து யாரைத் தோளுக்குப் பின்னால் ஒதுக்குகிறார்கள் என்பதில் அரை அரசியல் இருக்கிறது.

சட்டம் இதையெல்லாம் தொடுவதில்லை. தேர்தல் போஸ்டர், துண்டறிக்கை என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பத்திரிகை அட்டை அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் சாதகமான அட்டை வந்த மறுநாளே "இதை அப்படியே பெரிசாக்கிப் போஸ்டர் போடுங்க" என்று ஆள் வந்து நிற்பார். போஸ்டராக மாறினால் 127ஏ பொருந்தும் என்று சொன்னால், "பத்திரிகைக்காரன் போட்டதுதானே தம்பி" என்பார். பெயர் போடாமல் அடிக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நீங்களே சோதிக்க விரும்பினால் ஒரு பத்திரிகையின் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாத இதழ்களை மொத்தமாகத் தேடிப் பிடியுங்கள். மதுரை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு முகங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். யார் எப்போதும் சிரிக்கிறார், யார் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கிறார் என்பது நாலைந்து இதழிலேயே தெரிந்துவிடும்.