இணையத் தொலைபேசியிலிருந்து பிரிட்டனின் 09 என்று தொடங்கும் கூடுதல் கட்டண எண்களை ஏன் அழைக்க முடிவதில்லை?

ஏதோ ஓர் அலுவலகத்தை அவசரமாக அழைக்கப் பார்த்து, இணைப்புக் கிடைக்காமல்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கருவியில் கோளாறில்லை.

2012இல் நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்தேன். திருச்சியில் மைத்துனிக்குத் திருமணம். இந்திய விசாவுக்குப் போன கடவுச்சீட்டு மூன்று வாரமாகியும் வரவில்லை. விண்ணப்ப மையம் தந்திருந்த ஒரே எண் 0905 என்று தொடங்கியது. ஊருக்குப் பேச மலிவு என்று வீட்டில் இணையத் தொலைபேசிதான் வைத்திருந்தேன். கணக்கில் 8 பவுண்டு இருந்தும் அழைப்பு போகவில்லை. கடைசியில் கீழ்வீட்டு அம்மாவிடம் கெஞ்சி அவருடைய தொலைபேசியில் பேசினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே பக்கத்தில் நின்றார். பேசியது 11 நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் சிதார் இசை. பிறகு ஒரு பெண், “பரிசீலனையில் இருக்கிறது” என்றார். அதைத்தான் இணையதளமும் சொல்லிக்கொண்டிருந்தது. 13 பவுண்டுச் சொச்சம் எண்ணிக் கொடுத்தேன்.

மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே என்று எழுத வருகிறவர்களுக்கு: மூன்று அனுப்பினேன், ஒன்றுக்கும் பதிலில்லை.

விஷயம் இதுதான். 09 எண்ணுக்கான கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை வைத்திருப்பவருக்குப் போகிறது. 2015 ஜூலையில் வந்த விதிப்படி அந்தச் சேவைக் கட்டணம் மட்டுமே நிமிடத்துக்கு 3.60 பவுண்டு வரை இருக்கலாம். அதை உங்களிடம் வசூலித்துக் கொடுக்க வேண்டியது உங்கள் தொலைபேசி நிறுவனம். திருட்டுக் கடனட்டையில் கணக்குத் தொடங்கி, தங்கள் கையில் இருக்கும் 09 எண்ணையே இரவெல்லாம் அழைத்துக் காசு பார்க்கும் கூட்டம் உண்டு. அட்டைக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்டால் நட்டம் நிறுவனத்தின் தலையில். அதனால் பல இணையச் சேவைகள் கதவையே சாத்திவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ‘வெளிநாட்டிலிருந்து அழைக்க’ என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். 01, 02 என்று தொடங்கும் சாதாரண ஊர் எண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். 03 கிடைத்தாலும் நல்லது, சாதாரண ஊர் எண்ணின் கட்டணம்தான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் கடவுச்சீட்டுப் படம் 35க்கு 45 மில்லிமீட்டர். இந்திய விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். இதை விசா இணையதளத்தின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டால் என்ன? ரயில் நிலையப் புகைப்படப் பெட்டியில் 5 பவுண்டு போட்டு எடுத்த நான்கு முகங்களும் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.