எங்கள் பிரவுனியும் வரலாமா?

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் ஐந்து பேர். பிரவுனி என்று நான்கு வயது லாப்ரடார் இருக்கிறது. ஓட்டல்களில் நாயைச் சேர்ப்பதில்லை. அதை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. கொடைக்கானல் வில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு கிடைத்திருக்கிறது. நாமே சமைத்துக்கொள்ளலாம், நாயும் வரலாம் என்கிறார்கள். முன்பணம் கட்டுமுன் என்னென்ன கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். பண்ணைக்காட்டில் எங்கள் காபித் தோட்டத்து வீட்டை ஒன்பது வருடமாக நாங்களும் இப்படித்தான் வாடகைக்கு விடுகிறோம்.

முதலில் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி நாய் எங்கே படுக்கும்?" வீட்டுக்குள்ளே என்று பதில் வர வேண்டும். வராந்தாவில் கட்டிப் போடலாம் என்றால் அந்த வீடு வேண்டாம். பழனி மலையில் சிறுத்தை உண்டு. அதற்கு நாய் சுலபமான இரை. எங்களிடம் கருப்பன் என்று ஒரு கோம்பை நாய் இருந்தான். மழை விட்ட ஒரு ராத்திரி அவனைத் திண்ணையில் சங்கிலி போட்டுக் கட்டியது நான்தான். காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. அவிழ்த்து விட்டிருந்தாலாவது ஓடியிருப்பான். அதனால்தான் வருகிறவர்களிடம் சாவி கொடுக்கும்முன் இதைச் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பிறகு ஒன்றுக்கு விடுவதானாலும் கையில் டார்ச், கழுத்தில் கயிறு, கூடவே நீங்கள்.

அடுத்தது வேலி. முன்பக்கம் அழகாக வேலி இருக்கும், பின்பக்கம் ஓடை வரை திறந்து கிடக்கும். சுற்றி நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; கேட்டுக்கு அடியில் உள்ள சந்தும் தெரிய வேண்டும். அந்தப் பக்கம் காட்டுமாடு வந்து நிற்கும். பிரவுனி குரைத்துக்கொண்டு ஓடினால் அது திரும்பி முட்டும். நாய் உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே மாடும் வரும். வீட்டுக்காரர் நாய், கோழி வளர்க்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறை இருப்பது உங்களைவிடப் பிரவுனிக்குத்தான் பெரிய வசதி. ஊரில் தின்கிற அதே சோறு, அதே வேகவைத்த கோழி கிடைத்தால் வயிறு கெடாது. குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக வெகுநேரம் ஆகும். மாமியாருக்குத் தனிப் பாத்திரம் வேண்டுமென்றால் அதையும் வீட்டிலிருந்தே கொண்டு போவது நல்லது.

கொடைக்கானலில் எல்லாரும் வாங்குவது ஹோம்மேட் சாக்லேட்டும் மலைப்பூண்டும். இரண்டுமே நாய்க்கு விஷம். கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சையும் கூடாது. பட்டர் ப்ரூட் கொட்டை தொண்டையில் சிக்கும். பையைத் தரையில் வைக்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். சமையலறை ஜன்னலைச் சாத்தாவிட்டால் குரங்கு உள்ளே வந்து எல்லாவற்றையும் இறைத்துவிட்டுப் போகும், மிச்சத்தைப் பிரவுனி தின்னும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி, எலிக்காய்ச்சலும் சேர்ந்த வருடாந்திர ஊசி, உண்ணிக்கு மருந்து மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் காதுக்குள், விரல் இடுக்கில் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் சாப்பாட்டை ஒதுக்கினாலோ ஈறு வெளுத்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வளைவுகளில் பிரவுனி வாந்தி எடுக்கும். மலையடிவாரத்தில் உள்ள காட்ரோடு தாண்டி ஏறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். அதையும் முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் எங்கள் தென்னந்தோப்பு வீட்டை, நாயோடு வருபவர்களுக்கு விடலாமா? மெத்தை, சோபா பாழாகிவிடுமோ?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: விடுங்கள். சோபாவுக்குத் துவைக்கிற உறை போடுங்கள், நாய்க்கென்று இரண்டு பழைய போர்வை வையுங்கள். சுத்தம் செய்யத் தனிக் கூலி என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எனக்குப் பயம் உங்கள் தோப்பைப் பற்றித்தான். எலிக்கு வைத்த மருந்து எங்கெங்கே இருக்கிறது என்று தோப்பில் வேலை செய்கிறவரிடம் கேட்டு, ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். தென்னையைத் தின்கிற காண்டாமிருக வண்டைப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கு ஊறவைத்த பானை இருந்தால் அதையும் அகற்றுங்கள். அந்த வாசனை நாயை இழுக்கும். தின்றால் பிழைப்பது கஷ்டம். உரத்துக்கு வாங்கிய புண்ணாக்கு மூட்டையையும் பூட்டுகிற அறையில் வைத்த பிறகு முதல் விருந்தாளியைக் கூப்பிடுங்கள்.