கேளுங்கள், சொல்கிறோம்: பெங்களூரில் இளம் தாய்மார்களின் கேள்விகள்

மதுரையில் அம்மா வீட்டில் இரவு மாவு அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை மீறி வழியும். அதே அரிசி, அதே அளவுதான் இங்கேயும். ஆனால் மார்கழி வந்துவிட்டால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடியே கிடக்கிறது. கொஞ்சம் சோடா உப்பு போடலாமா? பத்து மாதக் குழந்தையும் இந்த இட்லியைத்தான் சாப்பிடுகிறது.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

சோடா உப்பு வேண்டாம். அது மாவைப் பொங்கச் செய்யுமே தவிர புளிக்கச் செய்யாது. புளிப்பினால் வரும் ருசியும் எளிதில் செரிக்கும் தன்மையும் அதில் கிடைக்காது. குழந்தைக்கு வீணாக உப்புச்சத்தும் சேரும்.

உங்கள் அளவில் குறை இல்லை. குறை சூட்டில் இருக்கிறது. இட்லி மாவு நன்றாகப் பொங்குவதற்கு 28 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். போதாததற்கு, மாவுப் பாத்திரத்தை கிரானைட் மேடையில் வைக்கிறோம். அரைத்த சூட்டையும் அந்தக் கல் இழுத்துக்கொள்கிறது.

குளிர்காலத்துக்கு இப்படிச் செய்யுங்கள். இட்லி அரிசி 4 டம்ளர், முழு வெள்ளை உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன், கெட்டி அவல் அரை டம்ளர். அரிசியை 6 மணி நேரமும், வெந்தயம் சேர்த்த உளுந்தை 4 மணி நேரமும் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகின்றன. அதனால் உளுந்தை ஊறப்போடும் முன்பே கழுவிவிட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே தெளித்து அரையுங்கள். குழாய் நீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கிரைண்டரில் உளுந்து 25 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும். ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று அர்த்தம். அரிசியையும் ஊறிய அவலையும் நைஸ் ரவைப் பதத்தில் அரைத்து, கையால் இரண்டு நிமிடம் அடித்துக் கலக்குங்கள். சரியாகக் கலக்காவிட்டால் அரிசி அடியில் தங்கி, மேல்மாவு மட்டும் பொங்கும். முந்தைய மாவு இருந்தால் அதிலிருந்து இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்நாளில் அது பெரிய உதவி.

உப்பு அதிகமானால் புளிப்பு மெதுவாகும். அதனால் இப்போது பாதி, பொங்கிய பிறகு மீதி. குழந்தைக்கான மாவை உப்பு போடும் முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு வயது வரை குழந்தை உணவில் உப்பே தேவையில்லை.

இனி சூடு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. அதை ஓர் அகல அண்டாவில் இறக்கி, கை பொறுக்கும் வெந்நீரை மாவு மட்டத்துக்கு ஊற்றி, மேலே கம்பளி போர்த்துங்கள். படுக்கப் போகும்போது வெந்நீரை ஒருமுறை மாற்றினால் போதும். ஓவன் இருந்தால் அதைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஓரத்து மாவு வெந்துபோகும், நுண்ணுயிரும் செத்துவிடும். இவ்வளவு செய்தாலும் 12 முதல் 14 மணி நேரம் ஆகலாம். ஆகவே இரவு பத்துக்கு அரைக்கும் பழக்கத்தை மாலை ஐந்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புளித்த வாசனை வந்தும் மாவு உயரவில்லையென்றால் உளுந்து சரியாக அரைபடவில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது. அந்த மாவில் தோசை வார்த்துவிடுங்கள். இன்னொன்று: இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஊரில் 10 நிமிடத்தில் வெந்த இட்லிக்கு இங்கே 12 நிமிடம் கொடுங்கள்.

குழந்தைக்குப் பருத்தி நாப்பித் துணிதான் கட்டுகிறேன். ஆறு மாதத்திலேயே எல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டன. ஈரத்தையும் இழுப்பதில்லை, தொடையில் சிவந்துபோகிறது. கம்ஃபர்ட் ஊற்றினால் அன்றைக்கு மட்டும் மெத்தென்று இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் போர்வெல், டேங்கர் தண்ணீர்தான்.
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

முதலில் கம்ஃபர்ட்டை நிறுத்துங்கள். துணியை மென்மையாக்கும் எந்தத் திரவமும் நூலின் மேல் மெழுகுபோல ஒரு படலம் விடும். அந்தப் படலம்தான் ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது.

விறைப்புக்குக் காரணம் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக நூலிடுக்கில் தங்கிவிடுகின்றன. நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடப் போட, பிசுக்கு கூடும். உங்கள் தண்ணீர் எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். மூடியுள்ள பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிக் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் பால்போல் கலங்கினால் கடின நீர். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியதிலிருந்து உங்கள் பக்கத்துச் சில வீடுகளுக்குக் காவிரி நீரும் வருகிறது. ஆனால் சம்ப்பில் அது டேங்கர் நீரோடு கலந்துவிடுவதால், இந்தச் சோதனையை அவ்வப்போது செய்து பாருங்கள்.

இருக்கும் துணிகளைத் தூக்கிப் போட வேண்டாம், மீட்டுவிடலாம். சுத்தமாகத் துவைத்த துணிகளை ஒரு பக்கெட் வெந்நீரில் போட்டு, 2 டேபிள்ஸ்பூன் சலவை சோடாவை முழுதாகக் கரைத்து, இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். சலவை சோடாவைக் கையுறை போட்டுக் கையாளுங்கள். சமையல் சோடா வேறு, அது இந்த வேலைக்குப் போதாது. பிறகு சோப்பே இல்லாமல், நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். சோப்பு போடாத துணியிலிருந்து எவ்வளவு நுரை வருகிறதென்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கடைசி அலசலில் 10 லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும். எலாஸ்டிக்கும் பிளாஸ்டிக் பூச்சும் உள்ள ரெடிமேட் நாப்பிகளுக்கு வினிகர் கூடாது. அவை சீக்கிரம் கெட்டுவிடும்.

உலர்ந்த துணியின்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்துப்போல் உருண்டு நின்றால் இன்னொருமுறை செய்ய வேண்டும். இனிமேல் சோப்புக் கட்டியை விட்டுவிட்டு, வாசனை இல்லாத டிடர்ஜென்டை அளவாகப் போடுங்கள். டெட்டால் அலசலும் தேவையில்லை, பிஞ்சுத் தோலை அது எரிச்சல்படுத்தும். துடைத்து ஈரம் உலர்ந்தபின் கொஞ்ச நேரம் துணியில்லாமல் விட்டு, துத்தநாகக் களிம்பைத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், குழந்தையின் மூச்சோடு உள்ளே போகும். சிவப்பு தொடை இடுக்குவரை பரவி ஓரங்களில் சிறுசிறு புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முளைகட்டிய ராகி மாவு வாங்கினேன். எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் கஞ்சி தண்ணியாகவே இருக்கிறது. கலப்படமா?
– வாசகி, அல்சூர்

தண்ணியாக இருப்பதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. முளைகட்டிய மாவின் இயல்பே அதுதான். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அதனால் கஞ்சி இறுகாது. சாதா ராகி மாவு 2 ஸ்பூன் போடும் இடத்தில் இதை 3, 4 ஸ்பூன் போடலாம். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும், விழுங்கவும் எளிது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் 6, 7 நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள்.

வீட்டில் முளைகட்டுவதானால் ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். குளிர்காலத்தில் இரண்டு நாள் பிடிக்கும். ஊசுன வாடையோ, நூல்நூலாகப் பூஞ்சையோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். நன்கு உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி, லேசாக வறுத்து அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். ஒரு வயதுக்குள் கஞ்சியில் தேனோ சர்க்கரையோ வேண்டாம். ராகியில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்குப் பின் தேவைப்படும் இரும்புச்சத்துக்கு அது மட்டும் போதாது. பருப்பு, கீரை, முட்டையும் கூடவே பழக வேண்டும்.

மூன்று மாதக் குழந்தைக்குத் தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை வைக்கலாமா?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

வைக்காதீர்கள். ஒரு வயதுவரை எந்தத் தலையணையும் வேண்டாம். மூக்கு அழுந்தி மூச்சுத் திணறலாம். தையல் பிரிந்தால் கடுகு வாய்க்குள் போகும். மல்லாக்கப் படுக்க வைத்து, முகம் திரும்பும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தலை ஒருபக்கமாகத் தட்டையாகிக்கொண்டே போனால் மருத்துவரைக் கேளுங்கள்.

பழைய பருத்திப் புடவைகள் நிறைய இருக்கின்றன. குழந்தையைத் தரையில் விட ஒரு விரிப்பு தைக்க ஆசை. தையல் மெஷின் இல்லை.
– வாசகி, விவேக் நகர்

கையே போதும். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒரு விரிப்பு தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். முதன்முறை தைப்பவர்களுக்கு அதுவே நல்ல முறை. ஓரம் முதலிலேயே மடிந்துவிடுவதால் பார்டர் தனியாகத் தைக்க வேண்டியதில்லை.

புடவையை வெந்நீரில் அலசி உலர்த்தி, ஜரிகை இருந்தால் வெட்டி எடுங்கள். பிஞ்சுத் தோலைக் கீறும். ஒரு மீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள் வேண்டும். இழுத்தால் கிழிகிற அளவுக்கு நைந்த பகுதியை அடுக்கின் நடுவில் வையுங்கள், திடமானது மேலும் கீழும் வரட்டும். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு சாண் இடைவெளியில் நீளத் தையலாகப் போட்டு அடுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தைக்கத் தைக்க அடித்துணி நகர்ந்து நடுவில் பை மாதிரி உப்பிக்கொள்ளும். பிறகு ஓரத்தை ஓர் அங்குலம் உள்ளே மடித்து, கெட்டிப் பருத்தி நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரற்கடை இடைவெளி. நூலை இறுக்கி இழுக்காதீர்கள், விரிப்பு சுருங்கிவிடும். முடிச்சுகள் துணி அடுக்குக்குள்ளே மறைய வேண்டும். பித்தானோ மணியோ எதுவும் தைக்க வேண்டாம், பிய்ந்து வாயில் போகும். நான்கு மூலையிலும் முக்கோண வண்ணத் துண்டுகளை வைத்துத் தைப்பது கவந்தியின் வழக்கம். நீங்களும் வைக்கலாம், அழகாக இருக்கும். முடிந்ததும் நீளத் தையலை உருவிவிட்டு, ஊசிகள் எல்லாம் கணக்காக இருக்கின்றனவா என்று பார்த்தபின்பே குழந்தையை விடுங்கள்.

தூங்கும் குழந்தைக்கு இதைப் போர்த்த வேண்டாம், விரிப்பாக மட்டும் இருக்கட்டும். நான்கு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டு தூறலில் தடித்த விரிப்பு உள்ளே உலராமல் பூசணம் பிடித்துவிடும். இரண்டாகத் தைத்து வைத்துக்கொண்டால் ஒன்று கொடியில் காயும்போது மற்றது தரையில் இருக்கும்.