குடலுக்குள் கொழுப்புக் கட்டி: சென்னைக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. மூன்று மாதங்களாக வயிற்றைப் பிசைந்து வலிக்கும். வாந்தி எடுத்தால் குறையும். வாயு என்று பார்மசியில் மருந்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது சீ.டீ. ஸ்கேனில் சிறுகுடலில் கொழுப்புக் கட்டி, குடல் உட்செருகல் என்கிறார்கள். "புற்றுநோயாக இருக்கும், உடனே சென்னைக்குப் போங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார் ஒருவர். என்ன செய்வது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஸ்கேனில் கொழுப்பு தனியாகத் தெரியும், வேறு கட்டிகளைவிடக் கறுப்பாக விழும். சிறுகுடலில் அப்படித் தெரிந்தால் புற்றுநோய் இல்லை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

அதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள். குடல் உணவைத் தள்ளும்போது கட்டியையும் சேர்த்தே தள்ளுகிறது. கழற்றும் சட்டையின் கை உள்ளே மடிவதுபோல, ஒரு துண்டுக் குடல் அடுத்த துண்டுக்குள் போய்விடுகிறது. மடிப்புத் தானாக விடுபட்டால் வலி போகும்; அதைத்தான் மூன்று மாதம் வாயு என்று நினைத்தீர்கள். விடுபடாவிட்டால் இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகும். குழந்தைகளுக்குக் காற்றுச் செலுத்தியே விடுவிப்பதுண்டு. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் தீரும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலை அரச வைத்தியசாலையிலும் இதற்குக் கட்டணமே இல்லை.

அந்த "ஒருவர்" யார்? அறிக்கையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருப்பார், கடவுச்சீட்டு கேட்டிருப்பார், அடுத்தது முன்பணம். உங்கள் கணவரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் எவரும் அந்த ஏற்பாட்டில் இல்லை. சென்னை வைத்தியர்கள்மீது எனக்குக் குறையில்லை. அடைத்த குடலோடு ஆளை விமானம் ஏற்றுகிற தரகர்மீதுதான் கோபம். உயரே போனால் வயிற்றுக்குள் சிக்கிய காற்று விரியும். பயண ஏற்பாட்டுக்காக இரண்டு வாரம் காத்திருந்த ஒரு நோயாளியின் வயிற்றை நள்ளிரவில் திறந்தேன். கட்டி தேசிக்காய் அளவுதான். வெட்டினால் வெண்ணெய்போல மஞ்சள். அந்தச் சாதுவான கட்டிக்காக, கறுத்துப்போன ஒரு முழம் குடலை எடுக்க வேண்டியதாயிற்று.

தரகருக்கு வாசல் திறப்பதும் எங்கள் துறைதான். ஆங்கில அறிக்கையைக் கையில் திணித்து "அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள்" என்கிறோம். தமிழில் இரண்டு வரி விளக்க ஓர் ஆளை வைக்கும்படி இன்னும் எத்தனை வருடம் கேட்பது?

கட்டி சாதுவானது என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நல்ல வெளிச்சத்தில் கணவரின் கீழுதட்டை மடித்துப் பாருங்கள். கடுகு சிதறியதுபோலக் கரும்பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? வயது ஏற ஏற உதட்டில் இவை மங்கிவிடும். கன்னத்தின் உட்புறத்தில் தங்கும். அங்கேயும் பாருங்கள். இருந்தால் அது பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அதில் வருவது கொழுப்புக் கட்டி அல்ல. குடலின் பல இடங்களில் முளைக்கும் சதை வளர்ச்சி. மறுபடியும் அடைக்கும் என்பதால் முடிந்தவரை குறைவாகவே குடலை வெட்ட வேண்டும். புற்றுநோய் அபாயமும் கூடுதலாதலால் ஆயுள்முழுக்கக் கண்காணிப்புத் தேவை. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது; அவர்களின் வாயையும் பாருங்கள். புள்ளி கண்டால் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பேதி மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். வலி விடாமல் தொடர்ந்தாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். அறிக்கைத் தாளோடு படங்கள் உள்ள இறுவட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சத்திரசிகிச்சை செய்பவர் படத்தைத்தான் முதலில் கேட்பார்.