லோட்டஸ் ஃபார்முலா ஒன் கார்கள்: எது சிறந்தது, ஏன்?

லோட்டஸ் அணி காலப்போக்கில் என்னென்ன கார்கள் செய்தது, அதில் எது சிறந்தது, அந்த அணி இப்போது என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பொறுத்தவரை 1962ல் வந்த லோட்டஸ் 25தான் (இங்கே வரும் 25, 72, 79 எல்லாம் லோட்டஸ் கார்களின் மாடல் எண்கள்). அழகுக்கு 79, ஆயுளுக்கு 72 என்று வாதாடுபவர்கள் நிறைய உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் 25ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அணியை உருவாக்கிய காலின் சாப்மேன் கட்டுமானப் பொறியியல் படித்தவர். வட லண்டனில் ஹார்ன்சி என்ற இடத்தில், அவருடைய அப்பா நடத்திய ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் முதல் பட்டறை. கம்பெனியாகப் பதிவானது 1952ல். காரில் இருக்கும் ஒரு பாகம் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்தால் அவருக்குப் பொறுக்காது. அதையே இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தி, மற்றொரு பாகத்தைத் தூக்கி எறிந்துவிட முடியுமா என்று பார்ப்பார். லோட்டஸின் நல்ல கார்கள் எல்லாம் இந்தக் குணத்திலிருந்து வந்தவை. கெட்ட பெயரும் இதிலிருந்துதான் வந்தது.

1958ல் மொனாக்கோவில் ஃபார்முலா ஒன்னுக்குள் வந்தார்கள். எஞ்சின் முன்னால் இருந்த 12, 16 இரண்டும் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. எஞ்சினைப் பின்னால் வைத்தால் ஜெயிக்கலாம் என்று கூப்பர் அணி காட்டிய பிறகு, சாப்மேன் 1960ல் 18ஐக் கொண்டுவந்தார். ராப் வாக்கர் என்பவர் தனியாக வாங்கிய 18ல் ஸ்டர்லிங் மாஸ் மொனாக்கோவில் ஜெயித்தார். லோட்டஸ் காருக்குக் கிடைத்த முதல் கிராண்ட் பிரீ (ஃபார்முலா ஒன் ரேஸ்) வெற்றி அதுதான். சில வாரங்களிலேயே பெல்ஜியத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது அதே மாஸின் 18லிருந்து சக்கரம் கழன்று போய், அவருக்குக் கால்கள் முறிந்தன. லோட்டஸ் கார் வேகமானது, ஆனால் உடையும் என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவே இல்லை.

அப்புறம் 25. அதுவரை ரேஸ் கார் என்றால் மெல்லிய குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு செய்வார்கள், அதற்கு மேல் தகட்டை உறையாகப் போர்த்துவார்கள். தகட்டுக்கு எடை தாங்கும் வேலை எதுவும் கிடையாது. சாப்மேன் அந்தக் கூட்டையே எடுத்துவிட்டார். ஓட்டுநரின் இரு பக்கமும் நீளமான அலுமினியப் பெட்டிகள், நடுவே தரைத் தகடு, முன்னும் பின்னும் குறுக்குத் தடுப்புகள், அவ்வளவுதான். நண்டுக்கு உள்ளே எலும்பு இல்லை, ஓடுதான் எலும்பு, அதே மாதிரி. அந்தப் பக்கப் பெட்டிகளுக்குள்ளேயே ரப்பர் பைகளில் பெட்ரோலையும் அடைத்துவிட்டார். மேல் உறையைக் கழற்றிய நிலையில் இருக்கும் 25இன் படத்தைத் தேடிப் பாருங்கள். லோட்டஸின் ஓட்டுநர் ஜிம் கிளார்க் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்த நிலையில் இருப்பார், தோளுக்கும் தகட்டுக்கும் இடையே விரல் நுழையக்கூட இடம் இருக்காது. முந்தைய குழாய்ச் சட்டத்தைவிட எடை வெகுவாகக் குறைந்தது, முறுக்கினால் வளையாத விறைப்பு பல மடங்கு கூடியது. சட்டம் வளையாததால் சஸ்பென்ஷனை மென்மையாக வைக்க முடிந்தது, டயர் தரையை விடாமல் பிடித்தது. இன்றைக்கு ஓடும் எந்த ஃபார்முலா ஒன் காரை எடுத்தாலும் அடிப்படை இதுதான். அலுமினியம் போய் கார்பன் ஃபைபர் வந்திருக்கிறது.

இதில் மனசுக்கு உறுத்தும் ஒரு விஷயமும் உண்டு. அதே ஆண்டு வாடிக்கையாளர் அணிகளுக்குக் குழாய்ச் சட்டம் கொண்ட 24ஐ விற்றுவிட்டு, தன் அணிக்கு மட்டும் 25ஐ வைத்துக்கொண்டார். நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் புதுக் கார் இறங்கியபோது, காசு கொடுத்து 24 வாங்கியவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

1962 கடைசி ரேஸில், தென்னாப்பிரிக்காவில், கிளார்க் முன்னிலையில் இருந்தார். ஒரு போல்ட் கழன்று எண்ணெய் ஒழுகியதில் உலகச் சாம்பியன் பட்டம் கைநழுவி எதிரணியில் ஓட்டிய கிரஹாம் ஹில்லுக்குப் போனது. அடுத்த ஆண்டு 10 ரேஸில் 7 ஜெயித்துப் பட்டம் வாங்கினார். 1965ல் மறுபடியும், அந்த ஆண்டே லோட்டஸ் 38ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் ஜெயித்தார். பின்னால் எஞ்சின் வைத்த கார் அங்கே ஜெயித்தது அதுதான் முதல்முறை.

1967ல் வந்த 49ல் சாப்மேன் இன்னொரு படி போனார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சட்டம் முடிந்துவிடும். அங்கே எஞ்சினை நேராக போல்ட் போட்டு முடுக்கி, பின் சஸ்பென்ஷனை எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் மாட்டினார்கள். அதாவது எஞ்சினே சேஸிஸ், காரைத் தாங்கும் சட்டத்தின் ஒரு பகுதி. இதை முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள், ஆனால் எஞ்சினையும் காரையும் ஒன்றுக்கொன்று என்று சேர்த்து யோசித்தவர்கள் இவர்களும் எஞ்சின் செய்யும் காஸ்வொர்த் கம்பெனியின் கீத் டக்வொர்த்தும்தான். எஞ்சினை உருவாக்க 1,00,000 பவுண்டு கொடுத்தது ஃபோர்டு. அந்த டிஎஃப்வி எஞ்சின் முதல் ரேஸிலேயே, ஸாண்ட்வோர்ட்டில் கிளார்க் கையில் ஜெயித்தது. மறு ஆண்டே ஃபோர்டு அதை மற்ற அணிகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தது. மொத்தத்தில் 150க்கும் மேற்பட்ட கிராண்ட் பிரீ வெற்றிகள் அதற்கு.

1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழான ஃபார்முலா 2 ரேஸில் கிளார்க் இறந்தார். அதுவும் லோட்டஸ்தான். துவண்டுபோன அணியைத் தூக்கி நிறுத்தி அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றவர், முன்பு எதிரணியில் இருந்து பிறகு லோட்டஸுக்கு வந்த அதே கிரஹாம் ஹில். இதைப் பலரும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். என் பார்வையில் லோட்டஸ் வரலாற்றிலேயே பெரிய சாதனைகளில் அது ஒன்று.

1970ல் வந்த 72 வேறு மாதிரி. ரேடியேட்டரை மூக்கிலிருந்து எடுத்துப் பக்கவாட்டுக்கு மாற்றி, காரை ஆப்பு வடிவத்தில் சீவிவிட்டார்கள். பிரேக்கைச் சக்கரத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்கள், அங்கிருந்து சக்கரத்துக்கு ஒரு தண்டு. யோகன் ரிண்ட் அந்தக் காரில் தொடர்ந்து நான்கு ரேஸ் ஜெயித்தார். செப்டம்பரில் இத்தாலியின் மான்ஸா பயிற்சியில், முன்பக்கத்தில் அந்த பிரேக் தண்டுகளில் ஒன்று உடைந்தது. ரிண்ட் இறந்துபோனார். எமர்சன் ஃபிட்டிபால்டி என்ற பிரேசில் இளைஞர், தன் நான்காவது கிராண்ட் பிரீயிலேயே அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில் ஜெயித்ததால், ரிண்டின் புள்ளிகளை யாராலும் எட்ட முடியாமல் போனது. இறந்தபின் உலகச் சாம்பியன் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கறுப்பும் தங்கமுமாக நிறம் மாறிய 72ல் ஃபிட்டிபால்டியே 1972ல் சாம்பியன். 1975 வரை அந்தக் கார் ஓடியது.

78, 79 கதையை ஆற அமரப் படிக்க வேண்டும். லோட்டஸ் பொறியாளர் பீட்டர் ரைட் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரிக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கீழ்நோக்கி அழுத்தும் விசையின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. குனிந்து பார்த்தால், பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்கியிருந்தன. அட்டையை வெட்டிப் பக்க இடைவெளியை அடைத்ததும் விசை எகிறியது. பக்கப் பெட்டியின் அடிப்பகுதியைத் தலைகீழ் இறக்கையாக்கி, ஓரத்தைத் தரைவரை மூடினால், கார் தரையோடு உறிஞ்சப்படும். 1977ல் 78, 1978ல் 79. மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன். பட்டம் உறுதியானது மான்ஸாவில். அதே ரேஸின் தொடக்க விபத்தில் கால்கள் நொறுங்கிய சக அணி வீரர் ரோனி பீட்டர்சன் மறுநாள் இறந்தார். ஆண்ட்ரெட்டியால் பட்டத்தைக் கொண்டாட முடியவில்லை.

சரி, அதற்குப் பிறகு ஏன் சரிந்தது? யோசனை லோட்டஸுடையது, அதை உறுதியாகச் செய்து முடித்தவர்கள் மற்றவர்கள். 79இன் சட்டம் அந்த அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு விறைப்பாக இல்லை. 1979ல் வில்லியம்ஸ் அணி அதே யோசனையை எஃப்டபிள்யூ07 என்ற காரில் கெட்டியாகச் செய்து ஜெயித்தது. லோட்டஸோ 80 என்று இன்னும் பேராசையான காரைச் செய்து, அது குதித்துக் குதித்து ஓடியதால் கைவிட்டது. இரட்டைச் சேஸிஸ் கொண்ட 88ஐ 1981ல் தடை செய்தார்கள். 1982 டிசம்பரில் சாப்மேன் மாரடைப்பில் இறந்தார். கணினி கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷனை 1983லேயே ரேஸில் இறக்கியவர்கள் லோட்டஸ். 1992ல் அதைக் கொண்டு சாம்பியன் ஆனது வில்லியம்ஸ். நடுவில் அயர்டன் சென்னா வந்தார். 1985ல் போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில், மழையில் 97டியில் அவருடைய முதல் வெற்றி, 1987ல் டெட்ராய்ட்டில் மஞ்சள் 99டியில் அணியின் கடைசி வெற்றி. 1994 முடிவோடு அணி மூடப்பட்டது. லோட்டஸ் கார்களின் கணக்கில், தனியார் அணிகள் ஓட்டியதையும் சேர்த்து, 79 வெற்றிகள், 7 தயாரிப்பாளர் (கார் செய்த அணிக்கான) பட்டங்கள்.

இப்போது எங்கே என்றால், பெயர் மட்டும் பிறகு வந்தது. 2011 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் ஓட்டிய டீம் லோட்டஸும், 2012ல் கிமி ரைக்கோனன் ஜெயித்த கறுப்பு-தங்க லோட்டஸும் வெவ்வேறு அணிகள். இரண்டுமே சாப்மேனின் அணி இல்லை. பழைய கார்களைப் பார்க்க வேண்டும் என்றால், சாப்மேனின் மகன் கிளைவ் இங்கிலாந்தின் ஹெத்தலில் கிளாசிக் டீம் லோட்டஸ் என்ற பெயரில் அவற்றைப் பழுதுபார்த்து ஓட வைத்துக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்தின் குட்வுட் கார் விழாவிலும் மொனாக்கோவின் பழைய கார் பந்தயத்திலும் அவை இறங்கும்; காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. முதலில் 25 ஓடுவதைப் பாருங்கள், அடுத்து 79.