கேள்வி பதில்: செஞ்சிக்குப் போகிறவர்கள் சுனையைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர். "தேசிங்குராஜா கட்டுன கோட்டை எங்க ஊர்ல இருக்கு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டு இறுதி விடுமுறையில் பிள்ளைகளோடு அங்கே போகிறோம். கட்டியது அவர்தானா?
வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, உங்கள் தாத்தா சொன்னதையேதான் என் ஆயாவும் சொன்னார். இதே சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கதை அது. மாரியம்மன் திருவிழாவில் தேசிங்கு கூத்து நடக்கும். நீலவேணிக் குதிரை விழும் இடத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில், நிற்க வேண்டியவர்கள், ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஆனால் கோட்டையைக் கட்டியவர் அவரல்லர். தேஜ் சிங் என்பது அவருடைய இயற்பெயர், புந்தேல ராஜபுத்திரர். தந்தை சொரூப் சிங்குக்குச் செஞ்சியைக் கொடுத்தவர் ஔரங்கசீப். தந்தை இறந்தபின் மகன் அங்கே இருந்தது ஓராண்டுகூட இல்லை. கப்பம் கேட்டு வந்த ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டு 1714 அக்டோபரில் இறந்தார். உயிர்த்தோழன் மோவத்கானும் அதே போரில் விழுந்தார். அந்தச் சில மாதங்களைத்தான் நம் மக்கள் முந்நூறு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டைக்குள் செட்டிகுளம் என்று ஒரு குளம் உண்டு. அதன் கரையில்தான் தேசிங்குக்கு எரியூட்டினார்கள், அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினார் என்பார்கள். தாத்தாவின் பெயரைச் சொல்லி அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

செஞ்சியின் குன்றுகளில் ஒன்றான ராஜகிரியில் முதல் அரண் எழுப்பியது கோனார் குலத்து ஆனந்தக் கோன், காலம் ஏறக்குறைய 1200 என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று நாம் பார்க்கும் மண்டபம், களஞ்சியம், குளம், வேங்கடரமணர் கோயில் இவற்றில் பெரும்பகுதி விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்களின் காலத்தது. 1649-இல் பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே போனது. வந்தவர்களில் பலர் ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் கொண்டும் போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை.

கேள்வி: ஐயா, முகலாயப் படை எட்டு ஆண்டு முற்றுகையிட்டும் செஞ்சி விழவில்லை என்று படித்தேன். மதில் அவ்வளவு உயரமா?
படிவம் நான்கு மாணவர், கோலக்கங்சார்

பதில்: தம்பி, உயரத்தை விடு. நானும் 2012-இல் போகும்வரை மதிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதில் பெரியதுதான், மறுக்கவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை முக்கோணமாக இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுற்றி ஓடுகிறது. இரண்டு பக்கமும் கல் கட்டி, நடுவில் மண்ணும் கல்லும் நிரப்பிய மதில். சில இடங்களில் 60 அடி அகலம். அதற்கு வெளியே அகழி. வாசல் வழி நேராகப் போகாது. வளைத்து வளைத்துத் திருப்பும். யானையால் ஓடி வந்து கதவை முட்ட முடியாது. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து 24 அடி அகலம், 60 அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். அந்தக் காலத்தில் அதன் குறுக்கே மரப்பாலம்; எடுத்துவிட்டால் அப்பால் இருப்பவனை எவனும் தொட முடியாது. நான் அந்த இடத்தில் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் மதில் மட்டும் போதாது. சிறுவயதில் எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரே குழாய். தண்ணீர் நின்றுபோன நாளில் மத்தியானத்துக்குள் சண்டை மூளும். ஆயிரக்கணக்கானவர் அடைபட்டுக் கிடக்கும் மலையில் தண்ணீர் நின்றால்? ராஜகிரி உச்சிக்கு அருகே வற்றாத சுனைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே மழைநீரைப் பிடித்து வைக்கத் தொட்டிகள். அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம், யானைக்குளம். கல்யாண மகாலில் சதுர முற்றத்தின் நடுவே மாடிமேல் மாடியாக ஒரு கோபுரம் எழும்பி நிற்கிறதே, அதற்கும் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாரும் அந்தக் கோபுரத்தைப் படம் எடுப்பார்கள். நீ குழாய் வந்த வழியைக் கேட்டுப் பார்.

அடுத்தது சோறு. வளைவுக் கூரை போட்ட களஞ்சியத்துக்குள் நுழைந்தால் நம் குரலே திரும்பி வரும். கிருஷ்ணகிரி மேலே எண்ணெய்க்கும் நெய்க்கும்கூடக் கல்லில் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள்.

1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து வளைத்தபோது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். உள்ளே தண்ணீரும் தானியமும் இருந்தன. வெளியே முகலாயருக்கு வர வேண்டிய தானியத்தை மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வழியிலேயே மறித்துக் கொள்ளையடித்தார்கள். முற்றுகை போட்டவர்களே பட்டினி கிடந்தார்கள்! எட்டு ஆண்டு தாங்கி, கடைசியில் 1698-இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, முன்னதாகவே தப்பிவிட்டார். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புசி ஒரே இரவில் பிடித்தார். மதிலும் சுனையும் அப்படியேதான் இருந்தன. காக்க வேண்டியவர்கள் அதற்குமுன் வெளியே நடந்த சண்டையில் தோற்று, மனம் விட்டுப்போய் உள்ளே ஓடி வந்தவர்கள்.

இன்னொன்று. ரப்பர் பால் வாளி இரண்டையும் காண்டாக் கம்பில் மாட்டி அம்மாவுக்காகச் சுமந்த தோள் இது. அந்தப் படிகளில் வெறுங்கையோடு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. மேலே இருக்கும் ரங்கநாதர் கோயில் கல்லையும் மண்டபத்துக் கல்லையும் யாரோ சுமந்துதானே ஏறியிருக்க வேண்டும்? அவர்கள் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

கேள்வி: யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியை மராட்டியக் கோட்டை என்று சேர்த்திருக்கிறார்களே, சரியா?
வாசகர், ஈப்போ

பதில்: 2025 ஜூலையில் சேர்த்த தொகுதியின் பெயர் "மராட்டியரின் இராணுவ நிலக்காட்சிகள்". அதிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். சிவாஜி அதைப் பலப்படுத்தியதும், ராஜாராம் அங்கிருந்து மராட்டிய அரசைக் காத்ததும் உண்மை. ஆகவே வருந்த வேண்டாம். கோனாரையும் நாயக்கரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் வேலை.

கேள்வி: எங்கள் ஊர் கெல்லி மாளிகையும் கோட்டைதானா?
வாசகர், பத்து காஜா

பதில்: இல்லை ஐயா. காசல் என்று பெயர் வைத்தாலும் அது தோட்டத் துரை ஒருவர் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கினார். 1926-இல் அவர் இறந்ததும் வேலை நின்றது. சுனையும் இல்லை, களஞ்சியமும் இல்லை. ஆனால் செங்கல் வைத்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம் ஆட்கள். கொள்ளைநோயில் பலர் மாண்டபோது, மிஞ்சியவர்கள் துரையிடம் கேட்டு மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொண்டார்கள். அடுத்த முறை போனால் கோயில் கூரையை அண்ணாந்து பாருங்கள். சாமி சிலைகளுக்கு நடுவே துரையும் நிற்கிறார்.