டர்போவுக்கு எண்ணெய் எங்கிருந்து எடுப்பது?
தம்பி, புரோட்டோன் வீரா காரில் டர்போ பூட்டுகிறீர்கள், அதன் பேரிங்குக்கான எண்ணெயை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து எடுப்பதா, அதற்குக் கீழுள்ள பிளாக்கிலிருந்தா என்கிறீர்கள். பிளாக்தான். அங்குள்ள எண்ணெய் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போடுங்கள். ஃபில்டரைத் தாண்டிய எண்ணெய் கிடைக்கும். ஹெட்டுக்கு அது தாமதமாக ஏறும், அழுத்தமும் குறைவு. சுவிட்சை டீயிலேயே திரும்ப மாட்டிவிடுங்கள்.

சுங்கை சிப்புட்டில் நான் பூட்டியபோது முதல் நாளே கசிவு. தோட்டத்துச் செம்மண் ரோடு முழுக்கக் கருப்புச் சொட்டு! ஜப்பானிய இன்ஜின்களில் சுவிட்ச் துளை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் அளவு, அங்குலத்துக்கு 28 மரை. கடைக்காரர் கொடுத்த டீ அமெரிக்க அளவான என்பிடி, 27 மரை. இரண்டு சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகிவிடும். மரையில் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், அந்த டேப் துணுக்கு டர்போ பேரிங்கை அடைக்கும்.

பால் பேரிங் டர்போ என்றால் எண்ணெய் வரத்தைக் குறைக்கும் ரெஸ்டிரிக்டர் வேண்டுமா என்று பாருங்கள். எண்ணெய் திரும்பும் குழாய் தடிமனாக, வளைந்து தொங்காமல் சரிவாக, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே இறங்கட்டும்.